சிவப்பு குறைந்த மாதம்

ஜனவரி 9

நிதி கிடைத்துவிட்டது.

ஓ.பி. முடிவதற்குள்ளேயே டாக்டர் கனகசபாபதி என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காராமல் நின்றுகொண்டே மின்னஞ்சலை வாசித்துக் காட்டினார். ஆறு வருடமாக எங்கெங்கோ எழுதிக் கேட்டவர். எக்ஸ்ரே மெஷினுக்குக் கேட்டோம், கிடைக்கவில்லை. பிரசவ வார்டுக் கூரைக்குக் கேட்டோம், பதிலே வரவில்லை. இந்த முறை ‘செயற்கை நுண்ணறிவு’ என்று சேர்த்து எழுதினார். மழைக்காலம் முடிவதற்குள் வந்துவிட்டது.

“ஒழுகுற கூரைக்கு ஒருத்தனும் குடுக்கலை சிஸ்டர். ஒழுகுதா இல்லையான்னு பாத்துச் சொல்ற மெஷினுக்குன்னா உடனே குடுக்கிறான்” என்று சிரித்தார்.

சுற்றுக் கிராமங்களில் இதயம் பலவீனமான இருநூறு பேர். அவர்கள் நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர், வீட்டில் ஒரு சின்னப் பெட்டி. நாடி, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் பெட்டி வழியாக எங்கள் மருத்துவமனைத் திரைக்கு வந்துவிடும். யாருக்கு ஆபத்து வரப்போகிறது என்று கணினியே கணித்துச் சொல்லும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஜீப் போக வேண்டும்.

திட்ட ஒருங்கிணைப்பாளர் நான். வார்டில் நின்றே தேய்ந்த கால்களுக்கு இனி ஒரு மேசை. ஒரு வருடத்துக்குத்தான் நிதி. கொடுத்தவர்களுக்குப் பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள். என் வேலையும் அதைப் பொறுத்தது. மகள் ரீனா திருச்சியில் பார்மசி இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

நீட்டிப்பார்கள்.

ஜனவரி 27

பெட்டிகள் வந்தன. கூடவே கம்பெனிப் பையன் பிரணவ், சென்னையிலிருந்து. இன்ஜினியர். நோயாளிகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தான். “‘இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்’னு சொல்லுங்க. அது நல்லா ரீச் ஆகுது” என்றான். எழுதிக்கொண்டோம்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

இன்று கருங்கண்மாய். ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையில் வழிவிட்டானின் குடிசை. கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துப் புகையவிட்டுக் கரியாக்குகிற வேலை. ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார், பார்த்தால் எழுபது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது. விறகு வெட்ட முடியாது என்பதால் முதலாளி அவரை மூட்டத்துக்குக் காவல் வைத்திருக்கிறார். அந்தப் புகையிலேயேதான் நாள் முழுக்க.

ஸ்டிக்கர் ஒட்டச் சட்டையைக் கழற்றச் சொன்னதும் கூச்சப்பட்டார். நெஞ்செலும்பில் கரி படிந்திருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

“விடுங்க சிஸ்டர், அது தோலோட சேந்தது” என்றார்.

அவர் மனைவி பூமயில் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ராவுலயும் பாக்குமா சிஸ்டர்?”

“ராவும் பகலும் பாக்கும். கண்ணே மூடாது.”

“ரெண்டு வருசமா நாந்தேன் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு கைய அவுக நெஞ்சு மேல வச்சுக்கிட்டேதேன் கண்ணசருவேன். மூச்சு மாறுனா எனக்கு முழிப்பு வந்துரும். உக்கார வச்சு முதுகத் தடவுனா செத்த நேரத்துல சரியாப் போகும். எங்கயும் வெளியூர் போறதில்ல. நல்லது கெட்டதுக்குக்கூடப் போறதில்ல.”

“இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம்” என்றேன்.

அவர் அழுதுவிட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. பிரணவ் சொன்னது உண்மைதான், நன்றாகத்தான் ரீச் ஆகிறது.

கோழி ஏறாத உயரமாகப் பார்த்துப் பெட்டியை வைத்தோம். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சார்ஜ் போட வேண்டும் என்று பூமயிலுக்குக் காட்டிக்கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 12

மோட்டார் ரிப்பேர். வார்டுக்குத் தண்ணீர் லாரி.

ஏப்ரல் 3

காலையில் திரையில் வழிவிட்டான் பெயர் சிவப்பானது. ஜீப்பில் நானும் டிரைவர் இருளாண்டியும் போனோம். மூட்டத்துக்குப் பக்கத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தோம். மாலைக்குள் ஒரு வாளி நீர் வெளியேறியது. ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டார்.

இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆள் இல்லை. இந்தத் திரை மட்டும் இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரை ‘நேரம் கடந்து கொண்டுவந்தாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்போம். இந்த ஒருவருக்கு நேரம் கடக்கவில்லை.

பூமயில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “மெஷினு இல்லைன்னா என் தாலி இல்ல சிஸ்டர்.”

ஏப்ரல் 5

அந்த வாக்கியத்தை டாக்டர் நிதி நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார். வழிவிட்டானும் பூமயிலும் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற படத்துடன். மும்பையிலிருந்து நந்திதா மேடம் பதில் எழுதியிருக்கிறார்: ‘இதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.’

மே 19

கத்திரி வெயில். வேர்வையில் ஸ்டிக்கர் கழன்றுவிடுகிறது. கழன்றால் சிவப்பு. குப்புறப் படுத்தால் சிவப்பு. மின்சாரம் போய் வந்தால் சிவப்பு. நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கரை ஒரு கிழவர் பிய்த்துப் பேரன் நெஞ்சில் ஒட்டி விளையாட்டுக் காட்டியிருக்கிறார், அதற்கும் சிவப்பு. இன்று மட்டும் ஏழு ஊர் போனோம். ஒன்றில்தான் உண்மையாகவே நோயாளி. மற்ற இடங்களில் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

“இது நோவு வந்தா கத்துதா, சும்மாவே கத்துதா?” என்றார் இருளாண்டி. “எங்க வீட்டு நாயே தேவல.”

அந்த ஒன்று உண்மை என்பதை அவரிடம் சொன்னேன். “அதுவும் சரிதான்” என்றார்.

ஜூன் 20

நந்திதா மேடம் ஜூலையில் நேரில் வருகிறார். நீட்டிப்பா இல்லையா என்பது அந்த வருகையில்தான் தெரியும். டாக்டர் திரையின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“எங்க பாத்தாலும் சிவப்பா இருக்கே சிஸ்டர். வர்றவங்க என்ன நினைப்பாங்க? ‘உங்க வைத்தியத்துல ஒருத்தனும் தேறலையா’ன்னு கேக்க மாட்டாங்களா?”

ஜூலை 1

பிரணவிடம் போனில் பேசினேன். டாக்டர் பேசச் சொன்னார். சிவப்பு இவ்வளவு வருகிறதே, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான்.

“எந்த அளவுக்கு மேல போனா சிவப்புன்னு நாமதானே செட் பண்றோம் மேடம். அதைக் கொஞ்சம் ஏத்திட்டா போதும். ரொம்ப மோசமானவங்க மட்டும்தான் சிவப்புல வருவாங்க. மத்தவங்களும், ஸ்டிக்கர் கழண்டு சிக்னல் வராதவங்களும் மஞ்சள்ல இருப்பாங்க. யாரும் திரையை விட்டுப் போயிடப் போறதில்லை.”

“யாரையும் மெஷின் விட்டுடாதில்ல?”

“மஞ்சளை நீங்க பாத்துட்டே இருந்தா விடாது.”

டாக்டரிடம் சொன்னேன். செய்யச் சொன்னார். பிரணவ் சென்னையில் உட்கார்ந்தபடியே மாற்றிவிட்டான். இங்கே ஒரு சத்தம்கூட இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவப்பெல்லாம் ஒவ்வொன்றாக மஞ்சளாயிற்று.

ஜூலை 9

நந்திதா மேடம் வந்து போனார். பருத்திச் சேலை, நல்ல தமிழ்; சென்னையில் படித்தவராம். நல்ல மனுஷி. பிரசவ வார்டில் வாளி வைத்திருப்பதைப் பார்த்து “ஐயோ, ஒழுகுதா?” என்று கேட்டார். டாக்டர் “அது வேற திட்டத்துல வரும் மேடம்” என்றார்.

திரையில் இரண்டே சிவப்பு. ஒன்றுக்கு அவர் கண்ணெதிரிலேயே ஜீப் கிளம்பியது. அவர் அசந்துபோனார். நாட்டுக்கோழிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 18

வருகை முடிந்துவிட்டதே, பழைய அளவுக்கே கொண்டுபோய்விடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன்.

“கொண்டுபோகலாம்” என்றார். பிறகு, “ஜீப்புக்கும் ஓய்வா இருக்கு. நீங்களும் மனுசி மாதிரி இருக்கீங்க. முடிவு வரட்டும் சிஸ்டர், பாத்துக்கலாம்” என்றார்.

உண்மைதான். இந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். மஞ்சளைத் தினமும் பார்க்க நேரம் இருப்பதில்லை. திங்கட்கிழமைகளில் மொத்தமாகப் பார்த்துவிடுகிறேன்.

ஜூலை 31

டாக்டர் அரையாண்டு அறிக்கை அனுப்பினார். சிவப்பு எச்சரிக்கைகள் ஜூலையில் பெருமளவு குறைந்திருக்கின்றன என்றும், தொடர் கண்காணிப்பால் நோயாளிகளின் உடல்நிலை மேம்பட்டிருப்பதையே இது காட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறார். தட்டச்சுப் பிழை பார்த்துக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் ‘மேம்பட்டு’ என்பது ‘மேன்பட்டு’ என்று இருந்தது.

ஆகஸ்ட் 14

பூமயில் மருத்துவமனைக்கு வந்தார். புதுச்சேலை. முகம் தெளிந்திருந்தது, ஆறு மாதத் தூக்கம் அதில் தெரிந்தது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். தலைப்பிரசவம், இந்த மாதக் கடைசியில்.

“போலாமா சிஸ்டர்? அவ கல்யாணத்துக்கு அப்புறம் நான் அங்க போனதே இல்ல. அவுகள விட்டுட்டுப் போக மனசு வரல. அவுகதேன் ‘அதான் மெஷினு இருக்குல்ல, போயிட்டு வா’ங்குறாக.”

என்னைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் திரையைப் பார்த்தேன். வழிவிட்டான் பச்சையில் இருந்தார்.

“தாராளமாப் போயிட்டு வாங்க” என்றேன். “நாங்க பாத்துக்கிறோம்.”

எனக்கென்று ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்திருந்தார். பல்வலியால் சாப்பிட முடியவில்லை. இருளாண்டிக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 23

சனிக்கிழமை. பல் பிடுங்கப் பரமக்குடி போகலாம் என்று கிளம்பிக்கொண்டிருந்தபோது வழிவிட்டானிடமிருந்து போன்.

“சிஸ்டர், லேசா எளைக்குது. ராத்திரி படுக்க முடியல, உக்காந்தேதேன் இருந்தேன்.”

“கால் வீங்கியிருக்கா?”

“கொஞ்சம்.”

திரையைப் பார்த்தேன். மஞ்சள்.

“சிவப்பு வரலையே. மெஷின் ஒண்ணும் சொல்லலை. நீர் மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுக்கங்க. மூட்டத்துப் பக்கம் போகாதீங்க. திங்கக்கிழமை நான் கூப்பிடுறேன்.”

“மெஷினு சொல்லலைன்னா சரிதேன் சிஸ்டர். நாந்தேன் பயந்துட்டேன் போல. அவளும் இல்லையா, அதான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “பேத்தி பொறந்திருக்கு சிஸ்டர். நேத்து” என்றார்.

வாழ்த்துச் சொன்னேன்.

பல் ஒருவழியாகப் போயிற்று. இரண்டு ஊசி போட்டார்கள். வாய் இன்னும் மரத்திருக்கிறது.

ஆகஸ்ட் 25

வழிவிட்டான் இறந்துவிட்டார்.

கரி ஏற்ற வந்த லாரிக்காரர்கள் காலையில் பார்த்திருக்கிறார்கள். குடிசை வாசலில், உட்கார்ந்த நிலையில். முந்தின நாளே போயிருக்க வேண்டும். ஸ்டிக்கர் நெஞ்சில் இருந்தது. பெட்டி அணைந்திருந்தது.

வார்டில் இரண்டு பிரசவம். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26

டாக்டர், நான், போனில் பிரணவ்.

பிரணவ் பதிவுகளைப் பார்த்துச் சொன்னான். வெள்ளியிலிருந்தே மூச்சும் நாடியும் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஸ்டிக்கரிலிருந்து எதுவும் வரவில்லை. அப்போதும் பெட்டியில் சார்ஜ் இருந்திருக்கிறது; தீர்ந்தது அதற்கப்புறம், திங்கள் அதிகாலையில்தான்.

“பழைய அளவா இருந்தா?” என்றார் டாக்டர்.

பிரணவ் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “வெள்ளிக்கிழமையே சிவப்பு வந்திருக்கும் சார்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. இந்த ஊரில் யாருமே வராத காலத்தில் வந்து ஆஸ்பத்திரி திறந்தவர். அம்பாசிடர் காரின் பின்சீட்டில் பிரசவம் பார்த்தவர். அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

“அவர் போன் எதுவும் பண்ணாரா சிஸ்டர்?”

“இல்ல சார்.”

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “அடுத்த மாசம் முடிவு சொல்றாங்க. இது நின்னுபோச்சுன்னா இருநூறு பேருக்கும் ஒண்ணும் இல்லாமப் போகும். ஆஸ்பத்திரியும் நிக்கும்.” பிறகு, “ஆளைப் பாத்தப்போ பெட்டி அணைஞ்சுதானே இருந்தது?”

“ஆமா சார்.”

“அதை அப்படியே எழுதுங்க. பொய் எழுத வேண்டாம்.”

எழுதினேன். ‘உடலைக் கண்டெடுத்தபோது கருவியில் மின்னேற்றம் இல்லை.’ ஒரு எழுத்தும் பொய் இல்லை. சார்ஜ் இல்லாத கருவி என்பதால் அவர் ‘கண்காணிப்பில் இருந்தபோது இறந்தவர்’ ஆகமாட்டாராம். ‘தொடராதவர்’ என்ற பிரிவு இருக்கிறது, அதில் வருவார் என்று பிரணவ் சொன்னான்.

சாயங்காலம் பழைய அளவுக்கே மாற்றிவிட்டார்கள். திரை மறுபடி சிவந்தது. இருளாண்டி ஒன்றும் சொல்லாமல் ஜீப்பை எடுத்தார்.

செப்டம்பர் 10

பூமயில் வந்தார். பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வயரைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார். நாங்கள் கொடுத்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக இல்லை.

“வேற யாருக்காச்சும் ஆகும்ல” என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை.

“அன்னைக்கு இது ஒண்ணுமே சொல்லலையா சிஸ்டர்?”

டாக்டர் அறைக் கதவைப் பார்த்தேன். மூடியிருந்தது.

“பெட்டி அணைஞ்சிருந்துச்சும்மா. சார்ஜ் இல்லை.”

“சனிக்கிழம அவுக போனுல பேசுனப்ப, மெஷினு ஒண்ணும் சொல்லல, நல்லாருக்கேன், நீ பிள்ளைய இருந்து பாத்துட்டு வான்னாகளே. அப்ப சார்ஜ் இருந்துருக்கும்ல?”

“அதுக்கப்புறம் தீர்ந்திருக்கும்.”

“மெஷினு ஒண்ணும் சொல்லலைன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? அவுகளுக்கு அதுல ஒண்ணும் பாக்கத் தெரியாதே. உங்களுக்குப் போனு போட்டாகளா?”

“இல்லம்மா. உங்களைப் பயமுறுத்த வேண்டாம்னு அவரே சொல்லியிருப்பார்.”

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“நாந்தேன் தெனமும் வெளக்கு வச்சதும் சொருகுவேன். அவுகளுக்கு அது கைப்பழக்கம் இல்ல. போறப்ப சொல்லிக் குடுத்துட்டுத்தேன் போனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல சொன்னேன். நிதானமாச் சொல்லியிருக்கணும். ஊருக்குள்ள பிள்ளைககிட்டயாவது சொல்லிட்டுப் போயிருக்கணும்.”

“நீங்க என்னம்மா செய்வீங்க” என்றேன்.

“நான் போயிருக்கக் கூடாது சிஸ்டர்.”

டீ வாங்கிவரச் சொன்னேன். குடிக்கவில்லை. ஆடை கட்டும்வரை டம்ளர் மேசையிலேயே இருந்தது.

செப்டம்பர் 11

ஒன்றுமில்லை.

அக்டோபர் 6

மூன்று வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். பக்கத்துத் தாலுகாவும் சேர்கிறது. இன்னும் அறுநூறு பெட்டி. நான் முதுநிலை ஒருங்கிணைப்பாளர். ரீனாவுக்குப் போன் செய்தேன், “சூப்பர்மா” என்றாள். அவளுடைய ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லையாம், வேறு ஹாஸ்டல் பார்க்கலாம் என்றேன்.

நந்திதா மேடத்தின் கடிதத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பெட்டிக்குச் சார்ஜ் போடாததால் ஓர் உயிர் போனதை அறிந்து வருந்துவதாகவும், பயனாளிகளிடையே இது குறித்து விழிப்புணர்வை ஏற்படுத்தத் தனியாக ஒரு தொகை ஒதுக்குவதாகவும் எழுதியிருந்தார்.

டாக்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மேசையில் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அக்டோபர் 22

விழிப்புணர்வுக் கூட்டத்தோடு சேர்த்தே இரண்டாம் கட்டத் தொடக்க விழாவாம். பயனாளி ஒருவர் பேச வேண்டும் என்று மும்பையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். “உண்மையான குரல்” வேண்டுமாம். டாக்டர் இரண்டு பெயர் சொன்னார். இரண்டு பேரும் மேடை என்றதும் பயந்தார்கள்.

பூமயில் தானாகவே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

“ஏன் வேண்டாம்?” என்று கேட்டார்.

நான் காரணம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும். பிறகு அழைப்பிதழில் பூமயில் பெயர் அச்சாகிவிட்டது.

நவம்பர் 14

விழா. ஊராட்சி மண்டபம் நிரம்பி, வெளியிலும் நாற்காலி போட வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் தக்காளி சாதம், முட்டை. நந்திதா மேடம் குத்துவிளக்கு ஏற்றினார். டாக்டர் சுருக்கமாகப் பேசினார், தாளைப் பார்த்தே பேசினார்.

பூமயில் வெள்ளைப் பூப்போட்ட சேலையில் வந்திருந்தார். கையில் பேத்தி; மகள் திருப்பூரிலிருந்து வந்திருக்கிறாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினார். மூன்று மாதக் குழந்தை. கனமே இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டது.

புதிதாகப் பெட்டி வாங்க வந்த பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். பூமயில் அவர்களைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார். ஒலிபெருக்கியில் ஒன்றும் விழவில்லை. பின்னாலிருந்து “கேக்கல, கேக்கல” என்று சத்தம் போட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

குழந்தையை நந்திதா மேடத்திடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். மைக் அவருக்கு உயரமாக இருந்தது. திருகைத் தளர்த்தி, அவர் வாய்க்கு நேராகத் தாழ்த்திவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

“எல்லாரும் மறக்காம சார்ஜ் போடுங்கம்மா. நான் போடாம ஊருக்குப் போயிட்டேன். எம்புருசன் செத்துட்டாக.”